கேம் டிசைன் வேலைக்கு முதல் நேர்காணல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் டிசைனராக முதல் வேலை தேடுபவர்கள், நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. புரோகிராமர், ஆர்ட்டிஸ்ட் வேலைகளுக்குத் தயாராகும் விதம் வேறு. அது இங்கே இல்லை.

நேர்காணலில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

காரணத்தைப் பார்க்கிறார்கள். இந்த எதிரிக்கு ஹெல்த் ஏன் 40, ஏன் 60 இல்லை? இந்தக் கதவு ஏன் இங்கே இருக்கிறது? இந்த வெகுமதியை ஏன் மூன்றாவது லெவலில் கொடுத்தீர்கள்? புதுப்புது ஐடியாக்களுக்கு எந்த ஸ்டூடியோவிலும் பஞ்சமில்லை. எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துச் சொல்லி, சொன்னதை நாலு பேரிடம் விளையாடக் கொடுத்துச் சரிபார்க்கிற ஆள்தான் எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவே நீங்கள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பதில்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்: என்ன நினைத்துச் செய்தீர்கள், விளையாடியவர்கள் என்ன செய்தார்கள், அதைப் பார்த்து என்ன மாற்றினீர்கள். பெரும்பாலானோர் முதல் பதிலோடு நின்றுவிடுகிறார்கள்.

லெவல் டிசைனர், சிஸ்டம் டிசைனர், எகானமி டிசைனர்: எல்லாம் ஒரே வேலையா?

இல்லை. லெவல் டிசைனர் இடத்தை வடிவமைக்கிறார்: பாதை, பார்வைக்கோடு, எதிரிகள் நிற்கும் இடம், ஓய்வு எங்கே, நெருக்கடி எங்கே. சிஸ்டம் டிசைனர் விதிகளையும் எண்களையும் கவனிக்கிறார். நாணயமும் விலையும் வெகுமதியும் எகானமி டிசைனர் பொறுப்பு. கதை எந்த வழியாக ஆட்டத்துக்குள் வந்து சேர்கிறது என்பது நேரேட்டிவ் டிசைனர் வேலை. சிறிய ஸ்டூடியோவில் இதெல்லாம் ஒருவர் தலையிலேயே விழும்.

விளம்பரத்தில் வெறும் ‘கேம் டிசைனர்’ என்று போட்டிருந்தால் பொறுப்புகள் பகுதியை உற்றுப் பாருங்கள். ஸ்பிரெட்ஷீட், பேலன்ஸ் (எண்களைச் சமன்செய்வது), ரிடென்ஷன் (விளையாடியவர்கள் திரும்பத் திரும்ப வருவது) போன்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் எண்கள் சார்ந்த கேள்விகள் வரும். கிரேபாக்ஸ் (வெறும் பெட்டிகளால் கட்டிய மாதிரி லெவல்), என்கவுன்டர் (எதிரிகளோடு மோதும் இடம்) என்று வந்தால் காகிதத்தில் வரைபடம் போடச் சொல்வார்கள்.

எத்தனை சுற்று இருக்கும்?

ஸ்டூடியோவைப் பொறுத்து மாறும். பொதுவான வரிசை இது: முதலில் எச்.ஆரிடமிருந்து ஒரு சிறிய தொலைபேசி உரையாடல், பிறகு வீட்டிலிருந்து செய்து அனுப்பும் டிசைன் டெஸ்ட், அதன்பின் டிசைனர்களுடன் விரிவான உரையாடல், கடைசியாக டீமில் உள்ள மற்றவர்களுடன் ஒரு சந்திப்பு. கடைசிச் சுற்றில் புரோகிராமரும் ஆர்ட்டிஸ்டும் உட்கார்ந்திருந்தால் அது சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘இவர் எழுதிக் கொடுப்பதை வைத்து நம்மால் வேலை செய்ய முடியுமா’ என்பதை முடிவு செய்பவர்கள் அவர்கள்தான். முதல் அழைப்பிலேயே மொத்தம் எத்தனை சுற்று, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், யார் யார் இருப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

போர்ட்ஃபோலியோவில் எத்தனை வேலைகள் வைக்கலாம்?

இரண்டு அல்லது மூன்று. ஏழு வைத்தால் பார்ப்பவர் உங்கள் மோசமான ஒன்றைத் திறக்க வாய்ப்பு கூடுகிறது, அதை வைத்தே முடிவும் செய்வார். விண்ணப்பிக்கும் வேலைக்கு நெருக்கமானது முதலில் வரட்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போதும். மேலே 60 முதல் 90 விநாடி வீடியோ. முதல் ஐந்து விநாடியிலேயே ஆட்டம் ஓட வேண்டும், லோகோ வேண்டாம். அதன் கீழே நான்கு வரி: எஞ்சின் (கேமை உருவாக்கும் மென்பொருள்) எது, எத்தனை பேர், எத்தனை வாரம், உங்கள் பங்கு என்ன. பிறகு நீங்கள் தீர்த்த ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் படங்களோடு விளக்குங்கள். முதல் லேஅவுட்டில் ஆறு பேரில் நான்கு பேர் சாவி இருந்த அறையைக் கவனிக்காமல் கடந்து போனார்கள், அறை வாசலை எதிர்ச்சுவரின் விளக்குக்கு நேராக நகர்த்தியதும் எல்லாரும் உள்ளே போனார்கள் என்பது போன்ற ஒரு தகவல், பத்துப் பக்க டிசைன் டாக்குமென்டைவிட அதிகம் பேசும்.

விளையாடக்கூடிய பில்டு (ஓட்டிப் பார்க்கத் தயாரான கேம் வடிவம்) இருந்தால் மிகவும் நல்லது. யூனிட்டி, கோடோ ஆகிய இரண்டு எஞ்சின்களிலும் பிரவுசரில் ஓடும் பில்டு எடுத்து இட்ச் (itch.io) தளத்தில் ஏற்றலாம். அளவைக் குறைத்து வையுங்கள், லோடிங் பட்டை நகராமல் நின்றால் பார்ப்பவர் மூடிவிட்டுப் போய்விடுவார். இன்னொன்று: முதல் கிளிக் நடக்கும்வரை பிரவுசர்கள் ஒலியை அனுமதிப்பதில்லை. ஆகவே ‘தொடங்கு’ பட்டன் ஒன்றை வைத்து, ஒலி அதன்பின் ஆரம்பிக்கும்படி செய்யுங்கள். அன்ரியல் எஞ்சினில் செய்திருந்தால் வீடியோவும் டவுன்லோடு இணைப்பும் கொடுங்கள். ஆனால் டவுன்லோடு செய்து பார்க்க நேரம் ஒதுக்குபவர்கள் குறைவு, அதனால் வீடியோவே முழு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

டீமாகச் செய்த கேமில் என் பங்கை எப்படிச் சொல்வது?

‘நாங்கள்’ என்று ஆரம்பித்து ‘நான்’ என்று குறுக்கிக்கொண்டு வாருங்கள். ‘ஐந்து பேர் சேர்ந்து செய்தோம். இரண்டாம், மூன்றாம் லெவலின் லேஅவுட்டும் எதிரிகளின் எண்களும் என்னுடையவை. இரண்டாம் லெவலின் பாஸ், அதாவது முடிவில் வரும் பெரிய எதிரி, இன்னொருவர் செய்தது.’ செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்வது, செய்ததாகச் சொல்வதை நம்ப வைக்கிறது. அந்த டீமில் வேறொருவரும் அதே ஸ்டூடியோவுக்கு விண்ணப்பித்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளியான கேம் எதுவும் என் பெயரில் இல்லை. வாய்ப்பு உண்டா?

உண்டு. முதல் வேலைக்கு அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்ப்பது, முடித்த ஒரு பொருள். முடித்தது என்றால் தொடக்கம், முடிவு, தோற்றால் மறுபடி ஆரம்பிக்கும் வழி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பத்து நிமிட ஆட்டமாக இருந்தாலும் போதும்.

அதற்குக் குறுக்குவழி கேம் ஜாம், அதாவது குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வு. 2002 முதல் நடக்கும் லூடம் டேரில் தனியாகச் செய்பவர்களுக்கு 48 மணி நேரம், டீமாகச் செய்பவர்களுக்கு 72 மணி நேரம். 2009இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும். ஜாமில் செய்ததை அப்படியே போர்ட்ஃபோலியோவில் போட்டுவிடாமல், மேலும் இரண்டு வாரம் எடுத்து, வந்த கருத்துகளை வைத்துத் திருத்தி, இரண்டு வடிவத்தையும் காட்டுங்கள். திருத்திய விதம்தான் அங்கே சரக்கு.

கோடிங் தெரிய வேண்டுமா?

புரோகிராமர் அளவுக்கு வேண்டாம். ஒரு ப்ரோட்டோடைப்பை (மாதிரி வடிவத்தை) நீங்களே ஓட்டிப் பார்க்கும் அளவுக்கு வேண்டும். அன்ரியலில் புளூபிரின்ட், யூனிட்டியில் அடிப்படை சி ஷார்ப், கோடோவில் ஜிடி ஸ்கிரிப்ட், இதில் ஏதாவது ஒன்று போதும். கதை சார்ந்த வேலையென்றால், கிளைபிரியும் கதைகளை எழுத உதவும் ட்வைனோ இங்க்கோ தெரிந்திருப்பது நல்லது. எல்லா வேலைக்கும் பொதுவாகத் தேவைப்படுவது ஸ்பிரெட்ஷீட். ஒரு அட்டவணையிலிருந்து மதிப்பைத் தேடி எடுக்கும் ஃபார்முலா, நிபந்தனை ஃபார்முலா, ஒரு எளிய வரைபடம் ஆகியவற்றைத் தயங்காமல் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஸ்டூடியோவின் கேமை எவ்வளவு நேரம் விளையாட வேண்டும்?

கன்சோல் அல்லது கணினி கேம் என்றால் ஆறு முதல் எட்டு மணி நேரம். மொபைல் கேம் என்றால் ஒரே நாளில் ஆறு மணி நேரம் விளையாடிப் பயனில்லை. ஏழு நாள், தினமும் இருபது நிமிடம் விளையாடுங்கள். தினசரி வெகுமதி, நோட்டிஃபிகேஷன், வார இறுதி ஈவென்ட், எனர்ஜி தீர்ந்து காத்திருக்கும் இடம் ஆகியவை நாட்கள் நகர்ந்தால்தான் கண்ணில் படும்.

விளையாடும்போது குறிப்பெடுங்கள். முதல் பத்து நிமிடத்தை விநாடிக் கணக்கோடு எழுதுவது மிகப் பயன்படும்: எத்தனையாவது விநாடியில் முதல்முறை நீங்களாக ஒரு முடிவெடுத்தீர்கள், முதல் தோல்வி எப்போது, முதல்முறை காசு கேட்டது எப்போது. பிறகு ஸ்டோரில் குறைந்த ரேட்டிங் கொடுத்த இருபது விமர்சனங்களைப் படித்து, திரும்பத் திரும்ப வரும் புகாரைப் பிரித்தெடுங்கள்.

நேர்காணலில் இதைக் குற்றப்பட்டியலாக வாசிக்காதீர்கள். எதிரே இருப்பவரே அதைச் செய்தவராக இருக்கலாம், அந்தக் குறை ஏன் அப்படியே விடப்பட்டது என்று அவருக்குத் தெரியும். ‘இந்த இடத்தில் எனக்கு வழி தெரியவில்லை. பின்னால் லோடிங்கை மறைப்பதற்காகத்தான் இந்த நீண்ட தாழ்வாரமா?’ என்று கேட்டால் உரையாடல் வேறு தளத்துக்குப் போகும்.

பிடித்த கேம் எது என்று கேட்டால்?

பிடித்ததைச் சொல்லுங்கள், ஆனால் ஒரே ஒரு இடத்தை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரியுங்கள். கதை அருமை, கிராபிக்ஸ் பிரமாதம் என்பதெல்லாம் ரசிகர் பேச்சு.

எடுத்துக்காட்டாக 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவல். கேள்விக்குறி போட்ட பெட்டியைத் தலையால் முட்டினால் காளான் வெளிவருகிறது. அது வலப்பக்கம் போய், பைப்பில் மோதித் திரும்பி, விளையாடுபவரை நோக்கியே வருகிறது. சற்று முன்னால்தான் காளான் போலவே தோற்றம் கொண்ட எதிரியைப் பார்த்திருப்பதால் அவர் ஒதுங்கப் பார்ப்பார். ஆனால் மேலே பெட்டிகள், இடம் குறுகல். தாண்ட முயன்று பெட்டியில் இடித்துக் காளான் மேலேயே விழுந்தாலும் அது நல்லது என்று தெரிந்துகொள்வார். ஒரு எழுத்தும் இல்லாமல் பாடம் முடிந்தது. இப்படி நோக்கம், தடை, விளைவு என்று பிரித்துச் சொல்வதற்கு மூன்று கேம்களில் ஒவ்வொரு இடமாகத் தயாராக வைத்திருங்கள். அதில் ஒன்று உங்களுக்குப் பிடிக்காத, ஆனால் பலருக்குப் பிடித்த கேமாக இருக்கட்டும். ‘அது ஏன் அவர்களுக்குப் பிடிக்கிறது?’ என்பது அடிக்கடி வரும் தொடர் கேள்வி.

‘எங்கள் கேமில் டபுள் ஜம்ப் சேர்க்க வேண்டும், எப்படிச் செய்வீர்கள்?’ இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன பதில்?

டபுள் ஜம்ப் என்றால் காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை குதிப்பது. உடனே பதில் சொல்லாமல் முதலில் கேளுங்கள். எந்தக் குறையைத் தீர்க்க இது வேண்டும்? ஆரம்பத்திலிருந்தே உண்டா, நடுவில் கிடைக்கிறதா? எத்தனை லெவல் ஏற்கெனவே கட்டி முடிந்துவிட்டது? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

பிறகு எண்களுக்கு வாருங்கள். இப்போதைய ஜம்ப் 3 மீட்டர் எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ‘இங்கே ஏற முடியாது’ என்று கட்டிய சுவர்கள் 3.5 முதல் 4 மீட்டர் உயரம் இருக்கும். டபுள் ஜம்ப் 5 மீட்டர் எட்டினால் அத்தனை சுவரும் திறந்த வாசல். விளையாடுபவர் ஒரு ட்ரிகரை (கால் வைத்ததும் ஏதாவது ஒன்றை இயக்கும், கண்ணுக்குத் தெரியாத இடத்தை) தாண்டிக் குதித்துவிடுவார், அந்த ட்ரிகர் திறக்க வேண்டிய கதவு திறக்காது, திரும்பி வரவும் வழி இருக்காது. தரையிலேயே உலவும் எதிரிகள் பயமுறுத்தாமல் போவார்கள். கேமரா மேலே போதுமான இடத்தைக் காட்டாவிட்டால் எங்கே இறங்குகிறோம் என்று தெரியாமல் குதிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, கட்டிப் பார்த்தவருக்கு மட்டும் தோன்றும் கேள்வி: முதல் ஜம்ப் செய்யாமல் விளிம்பிலிருந்து நழுவி விழுந்தால், காற்றில் எத்தனை ஜம்ப் மிச்சம்? பல கேம்களில் விளிம்பைத் தாண்டிய பிறகும் மிகச் சிறு நேரத்துக்குத் தரையில் இருப்பதாகவே கணக்கு வைப்பார்கள். இதற்குக் கோயோட்டி டைம் என்று பெயர். 2018இல் வந்த செலஸ்ட்டில் அது 0.1 விநாடி, அதாவது விநாடிக்கு 60 ஃபிரேமில் 6 ஃபிரேம். டபுள் ஜம்ப் இருக்கும் கேமில் இதை விட்டுவிட்டால், ஒரு நொடிப்பொழுது தாமதமாகப் பட்டனை அழுத்தியவருடைய முதல் ஜம்ப்பை கேம் இரண்டாவதாக எண்ணிவிடும். அடுத்து அழுத்தும்போது ஒன்றும் நடக்காது, பள்ளத்தில் விழுவார், பட்டன் வேலை செய்யவில்லை என்று திட்டுவார்.

கடைசியில் எப்படிக் கற்றுக்கொடுப்பீர்கள் என்று சொல்லுங்கள்: விழுந்தாலும் சாகாத இடத்தில் முதல் பயிற்சி, அதே தூரம் கீழே முள்ளோடு அடுத்தது, பிறகு நகரும் எதிரியோடு. வேலை அளவையும் தொட்டுவிடுங்கள்: ஒரு புதிய அனிமேஷன், ஓர் ஒலி, பழைய லெவல்கள் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கும் நேரம். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது புரோகிராமர் நிமிர்ந்து உட்காருவார்.

கணக்குக் கேள்விகள் எந்த அளவுக்கு வரும்?

பள்ளிக் கணக்கைத் தாண்டாது, ஆனால் பொறி இருக்கும். இரண்டு வகை அடிக்கடி வரும்.

எதிரியின் ஹெல்த் 100, துப்பாக்கியின் ஒரு குண்டுக்கு 25 சேதம், விநாடிக்கு 2 குண்டு. கொல்ல எவ்வளவு நேரம்? பலர் 2 விநாடி என்பார்கள். நான்கு குண்டு வேண்டும், முதல் குண்டு பூஜ்ஜியமாவது விநாடியிலேயே போய்விடுகிறது, ஆகவே 1.5 விநாடி. சேதத்தை 24 ஆக்கினால்? ஐந்து குண்டு, 2 விநாடி. ஒரே ஒரு புள்ளி குறைத்ததில் நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. 25இலிருந்து 33 வரை எவ்வளவு ஏற்றினாலும் நான்கு குண்டுதான், ஒன்றும் மாறாது. இந்தப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பேலன்ஸ் செய்ய முடியாது.

இன்னொன்று: ஒரு பொருள் கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதம். பத்து முறை முயன்றால் கிடைத்துவிடுமா? ஒருமுறையும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.9ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 35 சதவீதம். மூன்றில் ஒருவர் வெறுங்கையோடு போகிறார். 90 சதவீதம் பேருக்குக் கிடைக்க 22 முறை வேண்டும். தீர்வையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பதினைந்தாவது முறை கட்டாயம் கிடைக்கும் என்று உச்சவரம்பு வைக்கலாம், அல்லது பை முறையைப் பின்பற்றலாம். இன்றைய டெட்ரிஸில் ஏழு துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, தீர்ந்ததும் மறுபடி நிரப்புகிறார்கள். அதனால் ஒரு துண்டு வந்து மறுபடி வருவதற்குள் நடுவில் அதிகபட்சம் 12 துண்டுகள்தான் வர முடியும்.

வீட்டிலிருந்து செய்து அனுப்பும் டெஸ்ட்டில் எங்கே சறுக்குகிறார்கள்?

பெரும்பாலும் அளவில். ‘எட்டு மணி நேரத்தில் ஒரு பாஸ் எதிரியை வடிவமையுங்கள்’ என்றால் மூன்று பாஸும் ஒரு புதிய ஆயுத முறையும் வந்து நிற்கும். கேட்டதை மட்டும் செய்யுங்கள். எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரமே செலவிட்டு, இன்னும் நேரம் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கடைசியில் மூன்று வரி எழுதுங்கள்.

முதல் பக்கத்திலேயே சுருக்கம் வேண்டும்: நோக்கம், எப்படி ஓடும், ஏன் இப்படி. பிறகு படங்கள், எண்கள் அட்டவணை. பாஸ் என்றால் ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்னறிவிப்பு எத்தனை விநாடி, தாக்குதல் எத்தனை விநாடி, தாக்கிய பின் திறந்து நிற்பது எத்தனை விநாடி என்று தனித்தனியாக எழுதுங்கள். ‘வேகமாகத் தாக்கும்’ என்பதை வைத்து யாராலும் எதையும் செய்ய முடியாது, ‘0.6 விநாடி முன்னறிவிப்பு’ என்றால் முடியும். அடுத்து விபரீதச் சூழல்கள்: விளையாடுபவர் மூலையிலேயே நின்றால்? குண்டு தீர்ந்துவிட்டால்? பாஸ் சாகும் அதே கணத்தில் அவரும் செத்தால்? கடைசியாக, பாதி நேரம்தான் கிடைக்கும் என்றால் எதை வெட்டுவீர்கள்.

அனுப்பும் முன் அந்த கேமையே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, படித்ததை அவர் வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தப்பாகச் சொல்லும் இடத்தைத் திருத்துங்கள்.

டெஸ்ட்டுக்கு ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா?

விதிமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மெயிலில் கேட்டுவிடுங்கள். அனுமதித்தாலும் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். அடுத்த சுற்றில் உங்கள் டாக்குமென்டின் ஒவ்வொரு எண்ணையும் தொட்டு ‘ஏன்?’ என்று கேட்பார்கள். அங்கே நீங்கள் எடுக்காத முடிவுக்கு உங்களிடம் பதில் இருக்காது.

பிளேடெஸ்ட் எப்படி நடத்துவது? நண்பர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார்கள்.

கருத்துக் கேட்காதீர்கள், பாருங்கள். ஐந்து பேர் போதும். கன்ட்ரோல் மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டாலும் உதவாதீர்கள், இது கடினம். திரையைப் பதிவு செய்யுங்கள். எங்கே நின்றார், எங்கே திரும்பிப் போனார், எதை மூன்று முறை அழுத்தினார் என்று எழுதுங்கள். முடிந்ததும் ‘பிடித்ததா?’ என்பதற்குப் பதில் ‘அந்த அறையில் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். ஒரே இடத்தில் ஐவரில் மூவர் தடுமாறினால் அங்கே டிசைன் தவறு. ஒருவர் மட்டும் என்றால் அடுத்த டெஸ்ட்வரை காத்திருங்கள்.

என் டிசைனை அங்கேயே விமர்சித்தால்?

பல இடங்களில் வேண்டுமென்றே செய்வார்கள். ‘இதை விளையாடுபவர்கள் வெறுப்பார்கள்’ என்றால், எந்த வகை விளையாடுபவர், எந்தக் கட்டத்தில் என்று கேளுங்கள். அவர் சொல்வது சரியென்றால் உடனே ஏற்று, அதே இடத்தில் ஒரு மாற்று சொல்லுங்கள். தவறென்று பட்டால் பிளேடெஸ்ட்டில் பார்த்ததைச் சொல்லி நில்லுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும் எதற்கும் அசையாமல் இருப்பதும் ஒரே அளவு பாதகம்.

பதில் தெரியாவிட்டால்?

தெரியாது என்று சொல்லி, தெரிந்துகொள்ள என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள். யோசிக்க ஒரு நிமிடம் கேட்கலாம். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே காகிதத்தில் வரைவது இன்னும் நல்லது.

ஆன்லைன் நேர்காணலில் கேமைக் காட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பில்டை முன்கூட்டியே திறந்து, காட்ட வேண்டிய இடத்துக்கு நேராகப் போகும் சேவ் ஃபைலைத் தயாராக வையுங்கள். ஸ்கிரீன் ஷேரில் ஃபிரேம் குறைந்து ஆட்டம் திக்கித் திக்கித் தெரியும், ஆகவே வேகமான காட்சிகளுக்கு வீடியோ இணைப்பை அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். வேறு நிறுவனத்தில் பயிற்சியில் இருந்தபோது செய்த, ரகசிய ஒப்பந்தத்தில் உள்ள எதையும் காட்டாதீர்கள். காட்டினால், நாளை தங்கள் ரகசியத்தையும் இப்படித்தான் காட்டுவார் என்று நினைப்பார்கள்.

அவர்களிடம் நான் என்ன கேட்கலாம்?

புதிய பில்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளியாட்களிடம் விளையாடக் கொடுக்கிறீர்கள்? இரண்டு டிசைனர்களுக்குக் கருத்து வேறுபாடு வந்தால் யார் முடிவெடுப்பார்? முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன வேலை இருக்கும், யார் பார்த்துத் திருத்துவார்? வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் வேலை நேரம் எப்படி இருக்கும்? திருத்திக் கொடுக்க மூத்த டிசைனர் யாருமே இல்லாத இடத்தில் முதல் வேலை என்றால் நன்றாக யோசித்து முடிவெடுங்கள்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால்?

அதே ஊரில், அதே அளவு ஸ்டூடியோக்களில் தொடக்க நிலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று வேலை விளம்பரங்களிலும் அங்கே வேலை செய்பவர்களிடமும் விசாரித்து, ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். வரம்பின் கீழ் எண் உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமானதாக இருக்கட்டும், அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

நேர்காணல் முடிந்து பதிலே வரவில்லை. என்ன செய்யலாம்?

அன்றே ஒரு சிறிய நன்றி மெயில். அவர்கள் சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் ஆனால் ஒருமுறை விசாரியுங்கள். வேலை இல்லை என்று வந்தால் ‘டெஸ்ட்டில் எந்தப் பகுதி பலவீனமாக இருந்தது?’ என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பொதுவாகக் கருத்துக் கேட்பதைவிட இதற்குப் பதில் வர வாய்ப்பு அதிகம். கேட்கப்பட்ட கேள்விகளை அன்று மாலையே எழுதி வையுங்கள், ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடும். டெஸ்ட்டை போர்ட்ஃபோலியோவில் போட அனுமதி உண்டா என்று கேட்டு, உண்டென்றால் அவர்கள் சொன்ன குறையைத் திருத்திவிட்டுப் போடுங்கள்.